ஐந்து சொல், ஐந்து பொருள்!

"டைம் ஃப்ளைஸ் லைக் அன் ஆரோ."

ஐந்தே சொற்கள் கொண்ட ஓர் ஆங்கில வாக்கியம் இது. ஆங்கிலம் ஓரளவு கற்ற மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். "காலம் அம்பைப் போலப் பறக்கிறது" என்று தயங்காமல் சொல்லிவிடுவார். இதில் வேறு பொருள் இருக்கக் கூடும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றாது.

ஆனால் 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மின்கணிப்பொறிக்கு இந்த ஐயம் தோன்றியது. ஆண்டனி எட்டிங்கர், சுசுமு கூனோ என்னும் அறிஞர்கள் அங்கே ஒரு செயல்நிரலை உருவாக்கியிருந்தனர். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால், அதில் எந்தச் சொல் பெயர், எந்தச் சொல் வினை, எது எதனோடு சேர்கிறது என்று பகுத்துக் கூறுவது அதன் வேலை. இந்த எளிய வாக்கியத்தை அதனிடம் கொடுத்தபோது, அது ஒரு விடையோடு நிற்கவில்லை. பல விடைகளைத் தந்தது. அவற்றில் ஒன்றுகூட இலக்கணப் பிழையுடையதன்று என்பதுதான் வேடிக்கை!

கணிப்பொறி தடுமாறிய இந்த இடத்திலேதான், தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கும் மாணவரும் தடுமாறுகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் பார்த்து எழுதி வைத்துக்கொள்கிறார். ஆனாலும் வாக்கியம் விளங்குவதில்லை. தமக்கு அறிவு போதவில்லை என்று எண்ணி மனம் தளர்கிறார். உண்மையில் குறை அவரிடம் இல்லை. அவர் மேற்கொண்ட முறையில்தான் இருக்கிறது. கணிப்பொறியின் தடுமாற்றத்தை ஆராய்ந்தால் நம் தடுமாற்றத்திற்கும் வழி பிறக்கும். வாருங்கள், பார்ப்போம்.

எட்டு வாய்ப்புகள்

முதலில் கணிப்பொறியின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அதற்கு உலகம் தெரியாது. காலமும் தெரியாது, அம்பும் தெரியாது. அதனிடம் இருப்பவை இரண்டே. ஒன்று, ஒவ்வொரு சொல்லும் எவ்வெச் சொல்வகையாக வரலாம் என்று கூறும் அகராதி. மற்றொன்று, சொற்கள் எந்த வரிசையில் வரலாம் என்று கூறும் இலக்கண விதிகள்.

‘டைம்’ என்பது காலத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஆனால் அதுவே வினைச்சொல்லாகவும் வரும். ஓட்டப் பந்தயத்தில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிடுகிறோம் அல்லவா? அச்செயலுக்கும் ‘டைம்’ என்றே பெயர். ‘ஃப்ளைஸ்’ என்பது ‘பறக்கிறது’ என்னும் வினை. ‘ஈக்கள்’ என்னும் பெயரும் அதுவே. ‘லைக்’ என்பது ‘போல’ என்று பொருள்படும் முன்னிடைச்சொல். ‘விரும்பு’ என்னும் வினையும் அதுவே. ‘அன்’ என்பது ‘ஓர்’ என்னும் சார்படை. ‘ஆரோ’ என்பது அம்பு. இவ்விரண்டிலும் சிக்கல் இல்லை.

ஆகவே முதல் மூன்று சொற்களுக்கும் இவ்விரண்டு வாய்ப்புகள். மொத்தம் 2 × 2 × 2 = 8 வாய்ப்புகள். இவற்றை ஒவ்வொன்றாக இலக்கணச் சல்லடையில் இட்டுச் சலிப்போம்.

பெயர் - பெயர் - முன்னிடைச்சொல் என்று கொண்டால் வாக்கியத்தில் வினையே இல்லை; தள்ளிவிடலாம். பெயர் - வினை - வினை என்றால் இரண்டு முற்றுவினைகள் இணைப்புச்சொல் இன்றி அடுத்தடுத்து நிற்கின்றன, அதுவும் கூடாது. வினை - பெயர் - வினை, வினை - வினை - முன்னிடைச்சொல், வினை - வினை - வினை ஆகிய மூன்றும் இவ்வாறே வீழ்ந்துவிடும். எட்டில் ஐந்து போயிற்று. எஞ்சி நிற்பவை மூன்று.

முதலாவது, பெயர் - வினை - முன்னிடைச்சொல். இதுவே நாம் அறிந்த பொருள்: காலம் அம்பைப் போலப் பறக்கிறது.

இரண்டாவது, பெயர் - பெயர் - வினை. ‘டைம் ஃப்ளைஸ்’ என்பது ஒரு வகை ஈயின் பெயர். அதாவது, ‘கால ஈக்கள்’ என்னும் ஈக்கள் ஓர் அம்பை விரும்புகின்றன!

மூன்றாவது, வினை - பெயர் - முன்னிடைச்சொல். இது ஒரு கட்டளை: "ஈக்களின் நேரத்தைக் கணக்கிடு!" எப்படிக் கணக்கிடுவது? இங்கே மூன்று கிளைகள் பிரிகின்றன. அம்புக்கு எப்படி நேரம் பார்ப்பாயோ அப்படி ஈக்களுக்கும் பார் என்பது ஒன்று. ஓர் அம்பு நேரம் பார்த்தால் எப்படிப் பார்க்குமோ அப்படி நீ பார் என்பது இன்னொன்று. எல்லா ஈக்களையும் விட்டுவிடு, அம்பைப் போன்றிருக்கும் ஈக்களுக்கு மட்டும் நேரம் பார் என்பது மற்றொன்று.

ஆக, 1 + 1 + 3 = 5. ஐந்து சொற்களில் ஐந்து பொருள்கள்! இலக்கணம் எட்டு வாய்ப்புகளை மூன்றாகக் குறைத்தது. ஆனால் ஒன்றாகக் குறைக்க அதனால் இயலவில்லை.

ஐந்து சொல் வாக்கியத்திற்கே இந்நிலை. அறிவியல் நூல்களில் இருபது சொற்கள் கொண்ட வாக்கியங்கள் மிகச் சாதாரணம். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாய்ப்புகள் என்று வைத்துக்கொண்டால் 2ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை 10,48,576. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாய்ப்புகளில் சரியான ஒன்றை நம் மூளை ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது!

பழ ஈ காட்டும் பாடம்

நாம் எப்படி அதைப் பிடிக்கிறோம்? இதற்கு விடையளிக்க இன்னொரு வாக்கியம் உதவும். மேற்கண்ட வாக்கியத்திற்குத் துணையாகப் பின்னர் வழங்கலாயிற்று இது: "ஃப்ரூட் ஃப்ளைஸ் லைக் எ பனானா."

வடிவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இங்கே ‘பழம் வாழைப்பழத்தைப் போலப் பறக்கிறது’ என்று எவரும் பொருள் கொள்ளமாட்டார். ‘பழ ஈக்கள் வாழைப்பழத்தை விரும்புகின்றன’ என்பதே பொருள். ஏன்? பழ ஈ என்று ஒரு பூச்சி உண்மையிலேயே இருக்கிறது. அழுகும் பழங்களை மொய்க்கும் அச்சிறு பூச்சியை வளர்த்து ஆராய்ந்துதான் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன், மரபுக்கூறுகள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதை நிலைநாட்டி 1933ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் ‘கால ஈ’ என்று ஒரு பூச்சி உலகில் இல்லை.

ஆகவே இலக்கணச் சல்லடைக்குக் கீழே இன்னொரு சல்லடையும் இருக்கிறது. அதுதான் உலக அறிவு. வாக்கியத்தின் பொருள் சொற்களில் மட்டும் இல்லை. படிப்பவர் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பவற்றிலும் இருக்கிறது.

நம் மூளையும் எப்போதும் வெற்றி பெறும் என்று சொல்வதற்கில்லை. "தி ஓல்ட் மேன் தி போட்ஸ்" என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். ‘அந்தக் கிழவர்’ என்று தொடங்கி, ‘அந்தப் படகுகள்’ என்று வந்ததும் திகைத்து நிற்கிறோம். வினை எங்கே போயிற்று? இங்கே ‘ஓல்ட்’ என்பது பெயர் உரிச்சொல் அன்று. ‘முதியவர்கள்’ என்னும் பெயர்ச்சொல். ‘மேன்’ என்பது மனிதன் அன்று. ‘ஆளாக அமர்ந்து இயக்கு’ என்னும் வினைச்சொல். ‘முதியவர்கள் அப்படகுகளை இயக்குகிறார்கள்’ என்பதே பொருள். சொல்வகையைத் தவறாகக் கொண்டதால் வாக்கியமே உடைந்துவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த வாக்கியத்தில் ஒருமுறை இடறியே எழுவர்.

தேய்ந்துபோன விகுதிகள்

ஆங்கிலச் சொற்கள் ஏன் இப்படி இரட்டை வேடம் போடுகின்றன? இதற்கு விடை அம்மொழியின் வரலாற்றில் இருக்கிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலம் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் நிறைந்த மொழி. அன்பு என்னும் பெயர் ‘லுஃபு’. அன்பு செய் என்னும் வினை ‘லுஃபியன்’. விரும்பச் செய்தல், மகிழ்வித்தல் என்ற வினை ‘லீக்கியன்’ என்பதை ஒத்த வடிவில் இருந்தது. ஒத்த என்னும் உரிச்சொல்லோ ‘கெலீக்’ என்பதை ஒட்டிய வடிவில் இருந்தது. சொல்லைக் கேட்டவுடனேயே அது பெயரா, வினையா, உரிச்சொல்லா என்பது தெரிந்துவிடும்.

காலப்போக்கில், சொல்லின் இறுதியில் அழுத்தமின்றி ஒலிக்கும் உயிரெழுத்துகள் மங்கின. பிறகு மறைந்தே போயின. கி.பி. 1100 முதல் 1500 வரையிலான காலத்தில் இம்மாறுதல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ‘லுஃபு’வும் ‘லுஃபியன்’னும் இன்று ஒரே ‘லவ்’. ‘லீக்கியன்’னும் ‘கெலீக்’கும் இன்று ஒரே ‘லைக்’. வெவ்வேறு முத்திரைகள் பொறித்த நாணயங்கள் பல கைகள் மாறித் தேய்ந்தபின், எது எந்த நாணயம் என்று தெரியாமற் போவதைப் போன்றது இது.

‘ஃப்ளைஸ்’ என்ற சொல்லின் இறுதியிலுள்ள ‘ஸ்’ என்பதையும் கவனியுங்கள். பெயரின் பன்மைக்கும் ‘ஸ்’. ஒருமை வினைக்கும் ‘ஸ்’. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை. தென் இங்கிலாந்தில் முன்பு ‘பறக்கிறது’ என்பதற்கு ‘ஃப்ளையெத்’ என்றே வழங்கினர். 1611இல் வெளியான புகழ்பெற்ற ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் வினைகள் இந்த ‘எத்’ விகுதியோடுதான் காணப்படும். ‘ஸ்’ என்பது வடபகுதி வழக்கு. அது மெல்ல மெல்லத் தெற்கே பரவி, ‘எத்’தை அகற்றிவிட்டது. ‘டைம் ஃப்ளையெத்’ என்று இருந்திருந்தால் ஈக்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இருந்திராது!

விகுதிகள் போனபின் ஆங்கிலம் சொல் வரிசையைத் துணையாகப் பற்றிக்கொண்டது. யார் செய்தார், எதைச் செய்தார் என்பதை இன்று அந்த மொழியில் இடம்தான் சொல்கிறது. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள்.

தமிழில் நிலைமை வேறு. "பூனை எலியைப் பிடித்தது", "எலியைப் பூனை பிடித்தது" - இரண்டும் ஒன்றே. எலியின் தலையில் ‘ஐ’ உருபு இருக்கும் வரை அது எங்கே போய் நின்றாலும் பிடிபட்டது எலிதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும். தமிழ் வழி மாணவர் ஆங்கிலத்தில் இடறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சொல்லின் வாலைப் பார்த்துப் பொருள் அறியும் பழக்கம் நம்முடையது. ஆங்கிலத்திலோ சொல் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழிலும் இரட்டை வேடச் சொற்கள் இல்லாமல் இல்லை. ‘படி’ என்பது மாடிப்படியும் ஆகும். ‘நூலைப் படி’ என்னும் ஏவலும் ஆகும். ‘கல்’ என்பது பாறைத் துண்டு; ‘கற்றுக்கொள்’ என்பதும் அதுவே. அவ்வளவு ஏன், நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘ஈ’யே பூச்சிக்கும் பெயர், ‘கொடு’ என்னும் பொருளுடைய வினைக்கும் பெயர். ஆனால் ‘ஈயை’ என்றால் பூச்சி; ‘ஈந்தான்’ என்றால் கொடை. விகுதி வந்து சேர்ந்ததும் ஐயம் தீர்ந்துவிடுகிறது.

கணிப்பொறி கற்ற கதை

1954ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு செய்முறை விளக்கம் நடைபெற்றது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணிப்பொறியைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. அப்பொறி அறிந்திருந்த சொற்கள் 250; இலக்கண விதிகள் ஆறே. இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கலே தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியது.

ஆனால் 1960இல் யெகோஷுவா பார்-ஹில்லெல் என்னும் அறிஞர் ஒரு தடையைச் சுட்டிக்காட்டினார். "தி பாக்ஸ் வாஸ் இன் தி பென்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டார். குழந்தை தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறது. பெட்டி ‘பென்’னுக்குள் இருக்கிறது. ‘பென்’ என்றால் பேனா. குழந்தைகள் விளையாடுவதற்காக அமைக்கும் தடுப்புக்கும் ‘பென்’ என்றே பெயர். இரண்டுமே பெயர்ச்சொற்கள், எனவே இங்கே இலக்கணம் உதவாது. பெட்டி பேனாவை விடப் பெரியது, தடுப்பை விடச் சிறியது என்று அறிந்தவருக்குத்தான் பொருள் விளங்கும். இத்தகைய உலக அறிவைப் பொறிக்கு எப்படிப் புகட்டுவது என்று அவர் கேட்டார். 1966இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று, இம்முயற்சிகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று அறிக்கை அளித்தது. அங்கே இத்துறைக்குக் கிடைத்துவந்த அரசின் பொருளுதவி பெரிதும் குறைந்தது.

விதிகளால் ஆகாததை எண்ணிக்கையால் செய்யலாம் என்று வேறு சிலர் முயன்றனர். பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி குச்செரா, நெல்சன் ஃபிரான்சிஸ் ஆகியோர், அமெரிக்காவில் 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகளைத் திரட்டினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள். மொத்தம் பத்து இலட்சம் சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அது அந்த இடத்தில் என்ன வகை என்று குறியிட வேண்டும். 1971இல் அமைக்கப்பட்ட ஒரு செயல்நிரல், விதிகளைக் கொண்டு 77 விழுக்காட்டுச் சொற்களுக்கு ஒரே குறியைச் சரியாக இட்டது. எஞ்சியவற்றை மனிதர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து திருத்தினர்.

இத்தொகுப்பு ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. அதிலுள்ள வெவ்வேறு சொல் வடிவங்களில் ஏறத்தாழ 11.5 விழுக்காடுதான் ஒன்றுக்கு மேற்பட்ட சொல்வகையாக வருபவை. ஆனால் ஓடும் உரையில் எண்ணிப் பார்த்தால், 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட இடங்களில் அச்சொற்களே நிற்கின்றன. அதாவது, அடிக்கடி புழங்கும் எளிய சொற்களே அதிக வேடம் போடுபவை. ‘கடினமான சொற்களைப் படித்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும்’ என்று எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. நீண்ட, கடினமான சொல் பெரும்பாலும் ஒரே பொருளோடு அடங்கியிருக்கும். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களே நம்மை ஏமாற்றுகின்றன.

குறியிட்ட தொகுப்பு கைக்கு வந்ததும் நிகழ்தகவுக் கணக்கிற்கு வழி பிறந்தது. சார்படையை அடுத்து எத்தனை முறை பெயர் வருகிறது, எத்தனை முறை உரிச்சொல் வருகிறது, பெயரை அடுத்து வினை எத்தனை முறை வருகிறது என்றெல்லாம் எண்ணி வைத்துக்கொள்ளலாம். புதிய வாக்கியம் வந்தால், ஒவ்வொரு வாய்ப்பு வரிசைக்கும் இந்த எண்களைப் பெருக்கி, மிகப் பெரிய விடை தரும் வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றை இவ்வாறு எண்ணும் முறைக்கு மூலவர், ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரே மார்க்கோவ். அவர் 1913இல் புஷ்கினின் ஒரு காவியத்தில் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்தை அடுத்து எத்தனை முறை மெய் வருகிறது என்று கையாலேயே எண்ணியவர்! 1980களில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் அமைந்த செயல்நிரல், நூற்றுக்கு 96, 97 சொற்களுக்குச் சரியாகக் குறியிட்டது.

97 விழுக்காடு என்பது பெரிய வெற்றிபோல் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு சொல் சரியாக அமையும் வாய்ப்பு 0.97. இருபது சொற்களும் சரியாக அமையும் வாய்ப்பு, 0.97ஐ இருபது முறை பெருக்கி வருவது. அதாவது ஏறத்தாழ 0.54. வாக்கியங்களில் கிட்டத்தட்டப் பாதியில் ஏதேனும் ஒரு பிழை இருக்கும் என்றாகிறது. தேர்வில் 97 மதிப்பெண் வாங்கியும் பாதி வாக்கியங்களில் இடறுவதைப் போன்றது இது.

இன்றைய முறைகள் இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டன. ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டை அயலில் வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று ஆங்கில மொழியியலறிஞர் ஃபர்த் 1957இலேயே கூறினார். இன்று கணிப்பொறியில் ஒவ்வொரு சொல்லும் நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக, அதாவது ஒரு வெக்டராக அமைகிறது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் அமைப்பில், வாக்கியத்தின் மற்றச் சொற்களைப் பொறுத்து இந்த வெக்டர் மாறுகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ‘பென்’னுக்கு ஒரு வெக்டர், மைக்குப் பக்கத்தில் உள்ள ‘பென்’னுக்கு வேறு வெக்டர். இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் நம் தெருமுனையிலுள்ள மின்மாற்றிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாருங்கள், இங்கும் ஒரு சொல், இரு பொருள்!

பாடநூலில் உள்ள பொறிகள்

இனி நம் மாணவரிடம் வருவோம். இயற்பியல் நூலில் வரும் ஒரு சிறு வாக்கியம்: "ஸ்டில் ஏர் கண்டக்ட்ஸ் ஹீட் பூர்லி."

அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் நமக்குப் பழக்கமான பொருளை இட்டு நிரப்பினால் என்ன கிடைக்கும்? ‘இன்னும் காற்று வெப்பத்தை ஏழ்மையாக நடத்துகிறது.’ ஏழை வெப்பம் என்ன பாடு படுகிறதோ!

இப்போது சொல்வகையைக் கொண்டு பார்ப்போம். முதலில் வினையைத் தேடுவோம். ‘ஏர்’ ஒருமைப் பெயர். அதை அடுத்து ‘ஸ்’ விகுதியோடு ‘கண்டக்ட்ஸ்’ வருகிறது. எனவே அதுவே வினை. வினைக்கு முன் நிற்கும் காற்று எழுவாய்; பின் நிற்கும் வெப்பம் செயப்படுபொருள். இனி ‘ஸ்டில்’. ‘இன்னும்’ என்ற பொருளில் அது வினை உரிச்சொல். வினையின் அருகில் நிற்பதே வழக்கம். இங்கோ அது பெயருக்கு முன் நிற்கிறது. எனவே பெயர் உரிச்சொல்லாக அதற்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும்: ‘அசையாத’. வெப்பத்தைச் செயப்படுபொருளாகக் கொண்ட ‘கண்டக்ட்’டுக்கு ‘கடத்து’ என்பது பொருள். கடத்துதலைத் தழுவி நிற்கும் ‘பூர்லி’க்கு ‘குறைவாக’ என்பது பொருள். அசையாத காற்று வெப்பத்தை நன்கு கடத்துவதில்லை! கம்பளியின் இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்ட காற்று நம் உடல் வெப்பம் வெளியேறாமல் காப்பது இதனால்தான். வாக்கியத்தோடு இயற்பியலும் விளங்கிவிட்டது.

இத்தகைய சொற்கள் பாடநூலெங்கும் இருக்கின்றன. ‘பாடி அட் ரெஸ்ட்’ என்பதில் ‘பாடி’ உடலன்று, பொருள். ‘ரெஸ்ட்’ என்பது ஓய்வு நிலை, மிச்சம் அன்று. ‘மீன் ஃப்ரீ பாத்’ என்பதில் ‘மீன்’ என்பது சராசரி. அதை வினையாகக் கொண்டு ‘பொருள்படு’ என்றோ, உரிச்சொல்லாகக் கொண்டு ‘இழிந்த’ என்றோ எழுதினால் மூலக்கூறு வழி தவறிவிடும். ‘மொமென்ட்’ என்பது கணம் அன்று, திருப்புதிறன். ‘நார்மல்’ என்பது வழக்கமானது அன்று, செங்குத்துக் கோடு.

ஒலியும் சொல்வகையைக் காட்டும். ‘ரெக்கார்ட்’, ‘ஆப்ஜெக்ட்’, ‘கண்டக்ட்’ போன்ற சொற்களில் முதல் அசையை அழுத்தினால் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் வினை. ஒரே எழுத்துகளால் எழுதப்படும் சொல், ‘விண்ட்’ என்று ஒலித்தால் காற்று. ‘வைண்ட்’ என்று ஒலித்தால் கம்பிச் சுருளைச் சுற்றுதல். ‘லெட்’ என்று ஒலித்தால் காரீயம். அதே எழுத்துகள் ‘லீட்’ என்று ஒலித்தால் வழிநடத்துதல்.

நீங்கள் செய்ய வேண்டியது

விளங்காத ஆங்கில வாக்கியம் எதிர்ப்பட்டால் உடனே அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் வாக்கியத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. அடுத்து ‘எ’, ‘அன்’, ‘தி’ ஆகிய சார்படைகளைப் பாருங்கள். அவற்றைத் தொடர்ந்து எங்கோ ஒரு பெயர்ச்சொல் காத்திருக்கும். இடையில் நிற்பவை அப்பெயருக்கு அடைமொழிகள். முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் பெயரே வரும். இவ்வாறு ஒவ்வொரு சொல்லின் வகையையும் முடிவு செய்தபின் அகராதியைத் திறவுங்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பெயர், வினை, உரிச்சொல் என்பதைக் காட்டும் சுருக்கெழுத்து ஒன்று இருக்கும். பலரும் கவனியாமல் தாண்டிச் செல்லும் அச்சிறு எழுத்தே உங்களுக்கு வழிகாட்டி. நீங்கள் முடிவு செய்த வகையின் கீழ் மட்டும் தேடுங்கள். அங்கும் பல பொருள்கள் இருந்தால், அறிவியலுக்குப் பொருந்துவது எது என்று கேளுங்கள்.

‘இவ்வளவும் எதற்கு? கைப்பேசியே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறதே’ என்று சிலர் கேட்கலாம். தரட்டும், பயன்படுத்துங்கள். ஆனால் அது தந்தது சரியா, தவறா என்று யார் சொல்வது? பத்து வரிகளில் ஒன்பதைச் சரியாகப் பெயர்த்து, பத்தாவதில் செங்குத்துக் கோட்டை ‘வழக்கமானது’ என்று அது எழுதிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு அறையிலோ உங்களுக்குத் துணை உங்கள் அறிவு மட்டுமே.

ஒரு மின்சுற்றைக் கண்டால் நாம் அஞ்சுவதில்லை. மின்கலம் எது, மின்தடை எது, மின்னோட்டம் எந்தத் திசையில் பாய்கிறது என்று பகுத்துப் பார்க்கிறோம். ஆங்கில வாக்கியமும் அத்தகைய ஒரு சுற்றுதான். மனப்பாடத்தால் அதை வெல்ல முடியாது. பகுத்தாய்ந்தால் எளிதில் வெல்லலாம். அப்படிப் பகுத்தாயும் பயிற்சி, அறிவியல் படிக்கும் உங்களுக்குப் புதிதன்று. நாளைக்கே உங்கள் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பாதிச் சுமை இறங்கிவிட்டதை நீங்களே உணர்வீர்கள்.